சுங்கை சிப்புட் மேல்மாடி கம்ப்யூட்டர் கடை: பிஎச்பி பழுதுக்குத் தாராளமாகப் போகலாம்

மலேசியா, பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட் பெரிய சாலைக்குப் பின்னால் இருக்கிற கடைவரிசையில், துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. பலகையில் 'கம்ப்யூட்டர், பிரிண்டர், வெப்சைட்' என்று மட்டும் எழுதியிருக்கும், கடைக்கென்று தனிப் பெயர் கிடையாது. பிரிண்டர் மைக்கும் லேப்டாப் பேட்டரிக்கும் அங்கே பல தடவை போயிருக்கிறேன். வெப்சைட் வேலையும் செய்வார்கள் என்று பலகையில் படித்ததோடு சரி. போன மாதம் எங்கள் தோட்டத்துக் கோயில் வெப்சைட்டை பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு படியேறினேன். இரண்டு மாலை நேரம் உட்கார்ந்தேன். நம் ஊரிலேயே இப்படி ஒருவர் இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவர் செய்த வேலையின் அருமை புரியும். பகலில் எனக்குப் பாமாயில் மில் ஆபீசில் வேலை. கோயில் வெப்சைட்டை நானே பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதினேன், யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. திருவிழா உபயப் பட்டியல், எந்த நாள் யார் உபயம், அன்னதானத்துக்கு என்ன சாமான் வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுக் கிள்ளான், பினாங்கு, ஜொகூர் என்று போய்விட்ட குடும்பங்கள் திருவிழாவுக்கு மட்டும்தான் தோட்டத்துக்குத் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்காகவே ஒரு வசதி வைத்திருந்தேன். உபயத்துக்கு மூன்று நாள் முன்னால் ராத்திரி தானாக ஒரு மின்னஞ்சல் போகும். சர்வரில் கிரான் என்று ஒன்று இருக்கிறது, குறிப்பிட்ட நேரத்தில் ஒரு ஃபைலை அதுவே ஓட்டும், அதில் போட்டிருந்தேன்.

இந்த வருஷம் ஒரு மின்னஞ்சல்கூடப் போகவில்லை. பிரவுசரில் அதே ஃபைலைத் திறந்தால் அழகாக வேலை செய்கிறது, கிரானில் ஓடினால் செத்துக் கிடக்கிறது. கிள்ளானில் இருக்கும் ஒரு குடும்பம் தேதியை மறந்துபோய் உபயத்தன்று வரவே இல்லை, கடைசி நேரத்தில் தலைவர் வீட்டிலிருந்து மாலையும் பழமும் கொண்டுவந்து சமாளித்தோம். அந்த வீட்டுப் பாட்டி மறுநாள் போனில் அழுதது என் மனத்தை விட்டுப் போகவில்லை.

இதற்கு முன்னால் வேறு ஊரில் ஒருவரிடம் கொடுத்து 300 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்திருந்தேன். பெயர் வேண்டாம். அவர் செய்தது என்னவென்றால், ஒவ்வொரு ஃபைலிலும் சர்வரில் ஃபோல்டர் இருக்கும் முழுப் பாதையையும் அப்படியே அடித்து வைத்துவிட்டார், ஸ்லாஷ் ஹோம் என்று தொடங்கி பப்ளிக் எச்டிஎம்எல் என்ற, பிரவுசரில் திறக்கக்கூடிய ஃபோல்டர் வரைக்கும், 27 இடத்தில். அன்றைக்கு ஓடியது, நானும் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை வைத்திருக்கும் சர்வர் சேவையை, மாற்றியதும் அந்த 27 இடமும் பொய்யாகிப்போனது. ஹோம் ஃபோல்டரின் பெயரே வேறு, பின்னே எப்படி ஓடும்? அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழையபடி புள்ளி புள்ளி ஸ்லாஷ் (../, ஒரு ஃபோல்டர் மேலே போ என்று அர்த்தம்) என்று நானே எழுதினேன். அங்கேதான் கிரான் படுத்தது.

சரி, மாடிக் கடைக்கு வருகிறேன். கடைக்கார அண்ணனுக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான், பேச்சிலேயே தெரியும். நான் கதை முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் என் ஃபைலைத் திறந்து, கிரான் ஃபோல்டருக்குள் இருந்த நினைவூட்டல் ஃபைலின் முதல் வரியைப் பார்த்தார். 'ரிக்வயர் ../இன்க்/டிபி.பிஎச்பி' என்று இருந்தது, அதாவது ஒரு படி மேலே போய் இன்க் ஃபோல்டரில் இருக்கும் டேட்டாபேஸ் இணைப்பு ஃபைலைச் சேர்த்துக்கொள் என்ற கட்டளை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தங்கச்சி, இந்த ரெண்டு புள்ளி எங்க நின்னு எண்ணுறது?"

"இந்த ஃபைல் இருக்கிற இடத்துலருந்துதான் அண்ணே."

"அதான் இல்ல."

நாலு வருஷமாக நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த விஷயம் இது. புள்ளியிலோ இரட்டைப் புள்ளியிலோ தொடங்கும் பாதையை பிஎச்பி, அந்த வரி எழுதப்பட்ட ஃபைலிலிருந்து எண்ணுவதில்லை. ஓட்டம் அந்த நேரத்தில் எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ, அங்கிருந்து எண்ணுகிறது. பிரவுசர் வழியாக ஒரு பக்கத்தைத் திறந்தால், திறந்த அந்த முதல் ஃபைலின் ஃபோல்டர்தான் பொதுவாக நிற்கும் இடம். கிரானோ வழக்கமாக ஹோம் ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டும். ஆக பிரவுசரில் திறக்கும்போது இரட்டைப் புள்ளி கிரான் ஃபோல்டரிலிருந்து ஒரு படி மேலே போய் சரியான இன்க் ஃபோல்டரைப் பிடித்தது. கிரானில் ஓடும்போது ஹோமுக்கும் மேலே ஏறி, அங்கே இல்லாத இன்க் ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருந்தது. ஃபைலும் அதேதான், வரியும் அதேதான், நிற்கும் இடம்தான் வேறு.

அவர் இதை விளக்கிய விதம் எனக்கு மறக்காது. "நம்ம தோட்டத்துல வழி கேட்டா எப்படிச் சொல்லுவோம்? 'நேராப் போயி ரெண்டாவது லயம்'னு போன்ல சொன்னா, அவன் பால் ஸ்டோர்கிட்ட நிக்கிறானா, ஆபீஸ்கிட்ட நிக்கிறானான்னு தெரியாம அது உதவுமா? 'மாரியம்மன் கோயில் வாசல்லருந்து இடது பக்கம் ரெண்டாவது லயம்'னு சொல்லணும். அவன் எங்க நின்னாலும் கோயில் நகராது." பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து இரண்டே வரி அடித்தார். ஒன்று கெட்சிடபிள்யூடி, இப்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது. இன்னொன்று __டிர்__, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு, இந்த வரி எழுதப்பட்ட ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டுவது. அதே ஃபைலை மூன்று இடத்தில் நின்று ஓட்டினார். வெப்சைட்டின் மூல ஃபோல்டரில் ஒரு தடவை, கிரான் ஃபோல்டரில் ஒரு தடவை, சர்வரின் ஆக மேல் ஃபோல்டரில் ஒரு தடவை. திரையில் முதல் வரி மூன்று தடவையும் மாறியது, இரண்டாவது வரி கொஞ்சம்கூட அசையவில்லை. "இதான் கோயில்" என்று இரண்டாவது வரியில் விரல் வைத்தார்.

பழுதுபார்த்த வரி இப்படி ஆனது: ரிக்வயர், இடைவெளி, __டிர்__, பிறகு ஒட்டும் புள்ளி, பிறகு மேற்கோளுக்குள் '/../இன்க்/டிபி.பிஎச்பி'. மேற்கோளுக்குள் முதல் எழுத்தாக வரும் அந்த ஸ்லாஷை விடவே கூடாது. __டிர்__ கொடுக்கும் பாதையின் கடைசியில் ஸ்லாஷ் இருக்காது, நாம் போடாவிட்டால் ஃபோல்டர் பெயரும் அடுத்த எழுத்தும் ஒட்டிக்கொண்டு புதுசாக ஒரு பெயர் உண்டாகிவிடும். முதல் நாள் வீட்டுக்குப் போய் நானே மற்ற ஃபைல்களைத் திருத்தியபோது இரண்டு இடத்தில் ஸ்லாஷை விட்டிருந்தேன், மறுநாள் அவர் பார்த்த உடனே கண்டுபிடித்தார். இந்த __டிர்__ வந்தது பிஎச்பி 5.3இல், அதாவது 2009இல். அதற்கு முன்னால் எழுதிய பழைய நிரல்களில் 'டிர்நேம்' என்று போட்டு அடைப்புக்குறிக்குள் __ஃபைல்__ என்று இருக்கும், இரண்டும் ஒரே விடைதான். பழைய வெப்சைட்டைக் கையில் வாங்கியவர்கள் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டு மூன்று படி மேலே போக வேண்டுமானால் பிஎச்பி 7இலிருந்து டிர்நேமுக்கே எத்தனை படி என்று எண் கொடுக்கலாம், இரட்டைப் புள்ளியை வரிசையாக அடுக்கத் தேவையில்லை.

இன்னொரு பழுதையும் அவர்தான் தோண்டி எடுத்தார், நான் அதைப் பழுது என்றே நினைத்திருக்கவில்லை. அட்மின் பக்கத்தில் மட்டும் எப்போதும் போன வருஷத் திருவிழாத் தேதி காட்டும். நான் பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகல் (கேஷ்) என்று விட்டுவிட்டேன். விஷயம் என்னவென்றால் என்னிடம் திருவிழாத் தேதி எழுதிவைக்கும் 'கான்ஃபிக்.பிஎச்பி' என்ற பெயரில் இரண்டு ஃபைல் இருந்தது, மூல ஃபோல்டரில் ஒன்று, அட்மின் ஃபோல்டரில் பழையது ஒன்று. எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பகுதி தரும் ஹெடர் ஃபைலில் வெறுமனே 'கான்ஃபிக்.பிஎச்பி' என்று மட்டும் எழுதியிருந்தேன், புள்ளியும் இல்லை ஸ்லாஷும் இல்லை. இப்படி வெறும் பெயரைக் கொடுத்தால் பிஎச்பி முதலில் 'இன்க்ளூட் பாத்' என்ற பட்டியலில் தேடும். அந்தப் பட்டியலில் வழக்கமாக முதலில் இருப்பது ஒற்றைப் புள்ளி, அதாவது நிற்கும் இடம். பட்டியலில் எங்கேயும் கிடைக்காமல் போனால்தான் ஹெடர் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைப் பார்க்கும். அட்மின் பக்கத்தைத் திறந்தால் நிற்கும் இடம் அட்மின் ஃபோல்டர், அங்கே பழைய கான்ஃபிக் தயாராக இருக்கிறது, அதையே எடுத்துக்கொண்டது. எந்தப் பிழைச்செய்தியும் இல்லை, வெள்ளைத் திரையும் இல்லை. ஃபைல் கிடைக்காமல் நின்றால் உடனே தெரிந்துவிடும். வேறு ஃபைல் கிடைத்து ஓடினால் யாருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

அதனால் அவர் எல்லா ஃபைலிலும் __டிர்__ தூவிவிட்டுப் போகவில்லை. மூல ஃபோல்டரில் 'தொடக்கம்' என்று ஒரு ஃபைலை வைத்தார். அதில் ரூட் என்று ஒரு மாறிலி, அதன் மதிப்பு __டிர்__. வெளியிலிருந்து நேரடியாகத் திறக்கப்படும் பக்கங்களும் கிரான் ஃபைலும் மட்டும் முதல் வரியில் __டிர்__ வைத்து இந்தத் தொடக்க ஃபைலை அழைக்கும். அதற்குப் பிறகு வருகிற ஹெடர், ஃபூட்டர், டிபி எல்லாம் ரூட்டிலிருந்து எண்ணும். அடுத்த வருஷம் ஹோஸ்டிங் மாற்றினாலும் ஓர் எழுத்தைத் தொட வேண்டியதில்லை. வெப்சைட்டின் மூல ஃபோல்டரைச் சொல்லும் டாக்குமென்ட் ரூட் என்ற சர்வர் மாறியை வைத்துச் செய்யலாமே என்று நான் கேட்டேன், அங்கங்கே அப்படிப் பார்த்திருக்கிறேன். கிரானில் ஓடும்போது அது காலியாக இருக்கும் என்று உடனே ஓட்டியே காட்டினார், காலியாகத்தான் இருந்தது.

வேறு ஃபைலைச் சேர்க்க இன்க்ளூட் போடுவதா ரிக்வயர் போடுவதா என்பதிலும் அவருக்கு உறுதியான கருத்து இருக்கிறது. இன்க்ளூட்டில் ஃபைல் கிடைக்காவிட்டால் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு நிரல் தொடர்ந்து ஓடும், ரிக்வயரில் அங்கேயே நின்றுவிடும். டேட்டாபேஸ் இணைப்பு இல்லாமல் உபயப் பட்டியல் பக்கம் ஓடி என்ன பிரயோசனம்? இல்லாமல் முடியாத ஃபைலுக்கெல்லாம் ரிக்வயர் ஒன்ஸ் (ஒரு தடவை மட்டும் சேர்க்கும் ரிக்வயர்) என்று மாற்றச் சொன்னார், மாற்றினேன். நானும் அவர் கட்சிதான் இப்போது.

விண்டோஸ் லேப்டாப்பில் எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். விண்டோஸில் ஃபைல் பெயரின் முதல் எழுத்து ஆங்கிலத்தில் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் ஒரே ஃபைல்தான், லினக்ஸில் அவை இரண்டு வேறு ஃபைல். என்னுடைய ஃபூட்டர் ஃபைலின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது, நான் அழைத்ததோ சிறிய எழுத்தில். வீட்டில் ஓடியது, சர்வரில் பக்கத்தின் அடிப்பகுதியே காணோம். இனிமேல் ஃபைல் பெயர் எல்லாம் சின்ன எழுத்து என்று முடிவு கட்டிவிட்டேன். பின்சாய்ந்த ஸ்லாஷும் அப்படித்தான், அது விண்டோஸுக்கு மட்டும். முன்சாய்ந்தது இரண்டிலும் ஓடும், எப்போதும் அதையே போடுங்கள்.

இரண்டாவது மாலை அவர் முகம் மாறிய இடம் ஒன்று உண்டு. என் இன்டெக்ஸ் ஃபைலில், முகவரிப் பட்டையில் 'பேஜ்' என்று வரும் பெயரை அப்படியே எடுத்து இன்க்ளூட்டில் போட்டிருந்தேன். பக்கம் சேர்ப்பது சுலபமாக இருக்குமே என்று செய்தது. "இது வீட்டுச் சாவிய வாசல்ல தொங்க விட்ட மாதிரி, தங்கச்சி" என்றார். வெளியாள் ஒருவர் அந்த இடத்தில் இரட்டைப் புள்ளியும் ஸ்லாஷும் அடித்து, நான் காட்ட நினைக்காத ஃபைலையெல்லாம் ஓட்டப் பார்க்கலாம். அந்த வேலைக்குத் தனிக் காசு பேசவில்லை, அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். அனுமதிக்கப்பட்ட ஐந்து பக்கங்களின் பெயர் ஒரு பட்டியலில் இருக்கும், வந்த பெயர் அதில் இருந்தால் மட்டும் அதற்குரிய ஃபைல், இல்லாவிட்டால் முகப்புப் பக்கம். கூடவே டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்த ஃபைலை பப்ளிக் எச்டிஎம்எல்லுக்கு வெளியே ஒரு படி மேலே தூக்கி வைத்தார். அங்கே இருந்தால் பிரவுசரில் யாரும் நேரடியாகத் திறக்க முடியாது, பிஎச்பி மட்டும் உள்ளுக்குள் எடுத்துக்கொள்ளும். வேறு யாராவது என்றால் இதைத் தனி வேலை என்று சொல்லித் தனி பில் போட்டிருப்பார்கள்.

காம்போசர் பற்றியும் கேட்டேன். 2012இலிருந்து இருக்கிற கருவி, வெளியார் எழுதிய நிரல்தொகுப்புகளை இறக்கிக் கொடுத்து, கிளாஸ் (நிரல் தொகுதி) பெயரைச் சொன்னாலே அதற்குரிய ஃபைலைத் தானே தேடி எடுக்கும். "உங்க சைட்டுக்கு இப்ப அவசியமில்ல" என்றார். விற்கிறவர் வாயிலிருந்து 'வேண்டாம்' என்று வந்தது எனக்குப் பிடித்தது. ஆனால் மின்னஞ்சலுக்கு பிஎச்பிமெய்லர் என்ற நிரல்தொகுப்பைப் போடுவதாக இருந்தால் காம்போசர் வழியாகப் போடச் சொன்னார். அதற்கும் 'வென்டர்' ஃபோல்டரில் இருக்கும் ஆட்டோலோட் ஃபைலை ஒரு தடவை நாமே அழைக்க வேண்டும், அந்த ஒரு வரியிலும் __டிர்__ இருக்க வேண்டும். போன வாரம் அப்படித்தான் போட்டேன்.

காசு விஷயம். இரண்டு மாலைக்கும் சேர்த்து 120 வெள்ளி வாங்கினார். முன்னால் 300 கொடுத்த எனக்கு இது அதிகமாகத் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ரசீது கையால் எழுதிக் கொடுப்பார், கோயில் கணக்குக்கு அது போதும். ஈப்போ வரை போய் வரும் பெட்ரோலும் நேரமும் மிச்சம்.

குறை இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப்பில் பதில் வராது, நேரில் போனால்தான் வேலை நடக்கும். படி செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆறு மணிக்கு மேல் கீழே மோட்டார் நிறுத்த இடம் கிடைக்காது. வெப்சைட்டை அழகுபடுத்தித் தர மாட்டார். படம், நிறம், எழுத்து என்று கேட்டால் நேராக 'அது எனக்கு வராது' என்று சொல்லிவிடுவார். அவசரக்காரர்களுக்கும் இந்தக் கடை ஒத்துவராது. அவர் எதையும் தொடுவதற்கு முன் முழு ஃபோல்டரையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வைப்பார், அதற்கே அரை மணி நேரம் போகும். எனக்கும் முதல் நாள் பொறுமை போய்விட்டது. ஆனால் அவர் மாற்றிய ஒவ்வொரு வரியையும் என்னை அருகில் உட்கார வைத்துத்தான் மாற்றினார், ஒன்றைக்கூட மறைக்கவில்லை. நான் புரியவில்லை என்று மூன்றாவது தடவை சொன்னபோதும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த திருவிழாவுக்கு அவரைத் தேடிப் போகாமல் நானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சொல்லிக் கொடுத்தார், அந்த 120இல் இதுவும் சேர்த்தி.

போகிறவர்கள் வெறுங்கையோடு போகாதீர்கள். முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள், சர்வரின் எரர் லாக் (பிழைகள் பதிவாகும்) ஃபைலையும் சேர்த்து. என் லாகில் 'ஃபெயில்ட் ஓப்பனிங் ரிக்வயர்ட்' என்ற வரி ராத்திரிக்கு ஒன்றாக, திருவிழா தொடங்குவதற்கு முன்பிருந்தே விழுந்துகொண்டிருந்தது. தேடிய ஃபைலின் பெயர் அதிலேயே இருந்தது, இன்க்ளூட் பாத் என்ன என்பதும் அதிலேயே அடைப்புக்குறிக்குள் இருந்தது. நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. அவர் முதலில் திறந்து பார்த்தது அதைத்தான்.

கிரான் இப்போது ராத்திரி பத்து மணிக்கு ஓடுகிறது. சோதனைக்கு என் பெயரில் ஒரு பொய் உபயம் பதிந்து வைத்தேன், பத்தே கால் அளவில் போன் அடித்தது. கிள்ளான் பாட்டியின் மகனுடைய மின்னஞ்சலையும் சேர்த்துவிட்டேன், அவருக்கும் வந்துவிட்டதாகச் சொன்னார்.